வட கொரிய ஏவுகணைகளைக் கண்டு எவ்வளவு பயப்பட வேண்டும்?

கடற்காகம்

2025 அக்டோபர் 10 அன்று பியோங்யாங்கில் நடந்த இரவு அணிவகுப்பின் காணொளியை மூன்று முறை பார்த்துவிட்டேன். மழையில் நனைந்தபடி, 22 சக்கர வண்டியின் முதுகில் ஹ்வாசாங்-20 ஏவுகணை ஊர்ந்து போகிறது. மறுநாளே வழக்கமான வரைபடமும் வந்துவிட்டது. பியோங்யாங்கில் ஊசியைக் குத்திப் பெரிய பெரிய வட்டங்கள். முதல் வட்டத்தில் சோல், அடுத்ததில் டோக்கியோ, அப்புறம் பசிபிக்கில் இருக்கும் அமெரிக்கத் தீவான குவாம், கடைசி வட்டத்துக்குள் வாஷிங்டன் உட்பட அமெரிக்கா முழுவதும்.

அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் 1998 ஆகஸ்டில் அவர்களின் தேபோதாங்-1 ஏவுகணை ஜப்பானுக்கு மேலே பறந்ததிலிருந்து இதே வட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது, போர் வரவில்லை. இது உண்மையான அபாயமா, புலி வருகிறது கதையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழந்தாள்

புலி வருகிறது கதைதான், சந்தேகமே வேண்டாம்.

1960 அமெரிக்கத் தேர்தலில் 'ஏவுகணை இடைவெளி' என்று கென்னடி மேடைக்கு மேடை முழங்கினார். சோவியத்திடம் ஏவுகணைகள் குவிந்துவிட்டன, நாம் பின்தங்கிவிட்டோம் என்பது பேச்சு. அவர் வென்று பதவியேற்ற பின் 1961-இல் கொரோனா உளவுச் செயற்கைக்கோளின் படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். சோவியத்திடம் ஏவத் தயாராக இருந்த கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் நான்கே நான்கு. இடைவெளி இருந்தது உண்மைதான், ஆனால் பின்தங்கியிருந்தது சோவியத்.

எதிரியின் ஏவுகணை இரு பக்கத்துக்கும் லாபம் தருகிற சரக்கு. காட்டுகிறவனுக்கு மரியாதை கிடைக்கிறது, பார்க்கிறவனின் ராணுவத்துக்கு நிதி கிடைக்கிறது. நடுவில் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தூக்கம் போகிறது.

இயந்திரன்

பழந்தாள் ஐயா சொன்ன வரலாறு சரி. ஆனால் ஒப்பீடு பொருந்தவில்லை. அன்று இல்லாததை இருப்பதாகச் சொன்னார்கள். இன்று இருப்பது பலரும் பார்க்கப் பறந்து காட்டியிருக்கிறது.

2017 நவம்பர் 29-இல் ஹ்வாசாங்-15 ஏறத்தாழ 4,475 கி.மீ. உயரம் போய் 53 நிமிடம் கழித்து, ஏவிய இடத்திலிருந்து 950 கி.மீ. தொலைவில் கடலில் விழுந்தது. 2024 அக்டோபர் 31-இல் ஹ்வாசாங்-19 போன உயரம் 7,600 கி.மீ.க்கும் மேல், பறந்த நேரம் 86 நிமிடம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவதே 400 கி.மீ. உயரத்தில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "ஆயிரம் கி.மீ.தானே போனது" என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். கல்லை நேராகத் தலைக்கு மேலே எறிந்தால் அது காலடியில்தான் விழும். அதே வேகத்தில் சாய்த்து எறிந்தால் எங்கே போகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஹ்வாசாங்-15-க்கு அந்தக் கணக்கு 13,000 கி.மீ. என்று வருகிறது. பியோங்யாங்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 11,000.

ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. செங்குத்தாக விழும் வெடிமுனை வளிமண்டலத்தைச் சீக்கிரம் கடந்துவிடும். சாய்வாக வருவது அந்தக் கொதிப்பில் அதிக நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்படி முழுத் தூரம் பறக்கவிட்டு வட கொரியா சோதித்ததே இல்லை. ஆக, எட்டும் என்பது உறுதி, எட்டிய பின் வெடிக்குமா என்பது உறுதியில்லை. ஆனால் "வெடிக்காமல் போகலாம்" என்று நம்பி எந்த அதிபரும் ஒரு நகரத்தைப் பந்தயம் கட்டமாட்டார். மிரட்டலுக்கு அவ்வளவு போதும்.

என்னைக் கேட்டால் வட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எரிபொருளைப் பாருங்கள். ஹ்வாசாங்-15, 17 எல்லாம் திரவ எரிபொருள். தொட்டாலே ஆளைக் கொல்லும் நச்சு ரசாயனம், பக்கத்தில் ஆக்சிஜனேற்றி, கூடவே லாரிகள், ஆட்கள், குழாய்கள். மேலிருந்து கவனிப்பவனுக்கு அது நல்ல முன்னறிவிப்பு. 2023 ஏப்ரல் 13-இல் ஹ்வாசாங்-18 பறந்தது. திட எரிபொருள். தொழிற்சாலையிலேயே அடைத்து வருவது. குகையிலிருந்து வண்டி வெளியே வர வேண்டும், நிமிர்த்த வேண்டும், ஏவ வேண்டும், அவ்வளவுதான்.

(வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வரிசையில் முதலில் வந்த எட்டு அச்சு வண்டிகள் சீனாவிலிருந்து வாங்கியவை. மரம் ஏற்றுவதற்கு என்று வட கொரியா எழுதிக் கொடுத்த சான்றிதழை ஐ.நா. குழுவிடம் சீனா காட்டியது. நல்ல கனமான மரம்தான்.)

ஹான்கரை

நான் ஏழு ஆண்டுகளாகச் சோலில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கடைசி வட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முதல் வட்டத்துக்குள் குடியிருக்கிறேன். ராணுவம் விலக்கப்பட்ட எல்லைப் பகுதி நகரத்திலிருந்து 50 கி.மீ.க்குள். அங்கிருந்து அடிக்க அணுகுண்டும் வேண்டாம், கண்டம் விட்டுக் கண்டம் பாய்வதும் வேண்டாம்.

2023 மே 31. காலை 6:41. கைபேசி அலறியது. வெளியேறத் தயாராகுங்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்புங்கள் என்று செய்தி. ஏன் என்று இல்லை, எங்கே போக வேண்டும் என்றும் இல்லை. நான் ஒரு கையில் கடவுச்சீட்டுகளும் இன்னொரு கையில் தூக்கக் கலக்கத்தில் இருந்த மகளுமாக மாடிப்படியில் நின்றேன். எதிர்வீட்டுப் பாட்டி குப்பையைக் கொட்டிவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். 7:03-க்கு அடுத்த செய்தி வந்தது: முன்னது தவறாக அனுப்பப்பட்டது. வட கொரியா அன்று ஏவியது உளவுச் செயற்கைக்கோள் ராக்கெட். அதுவும் உருப்படாமல் மஞ்சள் கடலில் விழுந்துவிட்டது.

22 நிமிடம். வடக்கிலிருந்து வரும் குறுந்தூர ஏவுகணைக்கு அதில் கால்வாசியே அதிகம்.

பாட்டியின் சிரிப்பைத் தைரியம் என்று சொல்லமாட்டேன். எழுபது ஆண்டு காலப் பழக்கம் அது. பழந்தாள் சொல்வதை அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் பாட்டி பார்க்காத சில சமீபத்தில் வந்துவிட்டன. 2024 ஆகஸ்டில் குறுந்தூர ஏவுகணைக்கான 250 வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு குழல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லைப் படைகளுக்கு என்றே சொல்லிவிட்டார்கள்.

பழந்தாள்

ஹான்கரை, உங்கள் மாடிப்படியை நான் மறுக்கவில்லை. ஆனால் 'அச்சுறுத்தல்' என்ற சொல்லில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அவனால் முடியுமா. இரண்டு, அவன் செய்வானா. முதலாவதை இயந்திரன் விளக்கிவிட்டார். இரண்டாவதை யாரும் தொடவில்லை.

2003 டிசம்பரில் கடாஃபி தன் அணு ஆயுத முயற்சியைக் கைவிட்டார். உலகமே கைகுலுக்கியது. 2011 அக்டோபரில் அவர் எப்படிச் செத்தார் என்று பார்த்தோம். லிபியாவின் கதி தங்களுக்குப் பாடம் என்று வட கொரிய வெளியுறவுத்துறை அந்த ஆண்டே வெளிப்படையாகச் சொன்னது. அவர்களுக்கு இது காப்பீட்டுப் பத்திரம். பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவன் வீட்டுக்குத் தானே தீ வைப்பானா? ஏவிய மறுநாள் அந்த ஆட்சி இருக்காது என்பது கிம் ஜோங் உன்னுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

மணற்கடிகை

காப்பீடு என்றால் ஒன்று போதுமே ஐயா, ஏன் இத்தனை வகை?

பழந்தாள்

நியாயமான கேள்வி. ஒன்று மட்டும் இருந்தால் முதல் அடியிலேயே அழித்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம்.

இயந்திரன்

மணற்கடிகையின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. நீண்ட தூரம், குறுந்தூரம் இரண்டும் வெவ்வேறு வேலைக்கு. நீண்டது அமெரிக்காவை ஒதுங்கி நிற்கச் சொல்ல. குறுகியது இங்கேயே பயன்படுத்த.

1961-இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் கென்னடியிடம் கேட்டது இதைத்தான். பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கை இழக்கத் தயாரா? இன்று சோலில் கேட்கிறார்கள், எங்களுக்காகச் சான் பிரான்சிஸ்கோவை இழப்பீர்களா என்று. நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. தென் கொரியக் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த அணுகுண்டு வேண்டும் என்று தொடர்ந்து சொல்வது இந்தச் சந்தேகத்தால்தான். இந்தச் சந்தேகத்தைப் போக்க 2023 ஏப்ரலில் அமெரிக்காவும் தென் கொரியாவும் வாஷிங்டன் பிரகடனம் என்று ஒன்றைச் செய்தார்கள், ஜூலையில் அணு ஏவுகணை தாங்கும் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று பூசான் துறைமுகத்துக்கு வந்து நின்றது. கூட்டாளிக்குத் தைரியம் சொல்ல நீர்மூழ்கியைக் கரைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஒளிந்திருப்பதுதான் அதன் வேலை. வட கொரியாவின் ஏவுகணை இன்னும் ஒரு முறைகூடத் தாக்காமலேயே கூட்டணிக்குள் விரிசலைப் போட்டுவிட்டது என்பேன்.

கடற்காகம்

இடைமறிப்பு ஏவுகணைகள் இருக்கின்றனவே? அவ்வளவு செலவு செய்து எதற்கு வைத்திருக்கிறார்கள்?

இயந்திரன்

இருக்கின்றன. ஆனால் எது எதைத் தடுக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மண்ணைக் காக்க 44 இடைமறிப்பு ஏவுகணைகள், அலாஸ்காவில் 40, கலிபோர்னியாவில் 4. முன்கூட்டியே திட்டமிட்ட சோதனைகளிலேயே பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வெற்றி. ஆகவே வரும் வெடிமுனை ஒன்றுக்கு நான்கு விட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 11 வெடிமுனைகளோடு இருப்பு தீர்ந்துவிடும். அதோடு, விண்வெளியில் காற்று கிடையாது. கனமான வெடிமுனையும் அதே வடிவில் ஊதிய பலூனும் ஒரே வேகத்தில் மிதந்து வரும். எது அசல், எது பொய் என்று பிரித்தறிவது இன்றுவரை தலைவலி.

தென் கொரியாவில் 2017-இல் சோங்ஜுவில் நிறுத்திய தாட் என்ற அமெரிக்க இடைமறிப்பு அமைப்பு 40 கி.மீ.க்கு மேலே வருவதைத்தான் தடுக்கும். வட கொரியாவின் கே.என்.-23 போன்ற குறுந்தூர ஏவுகணை தாழ்வாகப் பறந்து கடைசி நேரத்தில் நெளியும். அதுவும் போக, சோங்ஜுவில் இருப்பது சோல் வரை காக்காது. (ஊர்க்காரர்கள் ராடார் அலையால் தங்கள் முலாம்பழம் கெட்டுவிடும் என்று போராடினார்கள். சீனா இன்னும் பெரிதாகக் கோபப்பட்டது. இத்தனை வசவு வாங்கியும் தலைநகரம் அதன் நிழலுக்கு வெளியே.) தாழ்வாக வருபவற்றுக்கு பேட்ரியட் என்ற இடைமறிப்பு ஏவுகணை இருக்கிறது. அதில் புதிய ரகம் ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் டாலர். எதிரியின் மலிவான ஏவுகணைக்கு இதை ஒவ்வொன்றாகச் செலவழித்தால் யார் முதலில் ஓய்வார்கள்?

கே.என்.-23 காகிதப் புலி அல்ல என்பதும் தெரிந்துவிட்டது. 2023 டிசம்பர் கடைசியிலிருந்து ரஷ்யா அதை உக்ரைன் மீது வீசுகிறது. சோதனைத் திடலில் கிடைக்காத பாடம் போர்க்களத்திலிருந்து பியோங்யாங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நெறியாளர்

தலைவர்களின் உடல் பருமன், முடிவெட்டு பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

ஹான்கரை

பழந்தாள் ஐயா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செய்வானா? வேண்டுமென்று செய்யமாட்டான், ஒப்புக்கொள்கிறேன். என் பயம் வேறு.

தென் கொரிய ராணுவத்தின் திட்டத்துக்கு மூன்று அச்சுகள் என்று இங்கே சொல்வார்கள். முதலாவது, ஏவப்போகிறார்கள் என்று தெரிந்தால் முந்திக்கொண்டு அடிப்பது. இரண்டாவது, வருவதைத் தடுப்பது. மூன்றாவது, திருப்பி அடித்துத் தலைமையையே ஒழிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். 2022 செப்டம்பரில் வட கொரியா ஒரு சட்டம் போட்டது: தலைமைக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஆபத்து வந்தால் அணுத் தாக்குதல் தானாகவே, உடனடியாக நடக்கும். அதாவது, இவர்கள் "நீ கையை ஓங்கினால் நான் முந்துவேன்" என்கிறார்கள். அவர்கள் "நீ முந்துவது போலத் தெரிந்தாலே நான் வீசிவிடுவேன்" என்கிறார்கள். பைத்தியக்காரன் யாரும் வேண்டாம் ஐயா, புத்திசாலிகள் இருவரே போதும் இந்தப் போருக்கு.

இயந்திரன் சொன்ன திட எரிபொருளை இதற்குள் வைத்துப் பாருங்கள். அவர்கள் தயாராக எடுக்கும் நேரம் குறையக் குறைய, இவர்கள் யோசிக்கும் நேரமும் குறைகிறது. முந்தி அடிப்பதாவது நடக்குமா என்றால், 1991 வளைகுடாப் போரில் வானம் முழுவதும் கூட்டுப்படையின் கையில் இருந்தும், ஈராக்கின் நகரும் ஸ்கட் ஏவுகணை வண்டி ஒன்றைக்கூட அழித்ததாக உறுதிசெய்ய முடியவில்லை. அது பாலைவனம். இங்கே மலையும் சுரங்கமும்.

விபத்து நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. 2022 அக்டோபர் 4 காலையில் வட கொரியா ஜப்பானுக்கு மேலே ஏவுகணை விட்டது. பதிலுக்கு வலிமை காட்ட அன்றிரவு தென் கொரிய ராணுவம் காங்னங் கடற்கரையில் ஹியூன்மூ-2 ஏவுகணை ஒன்றை ஏவியது. அது கடலை நோக்கிப் போகாமல் எதிர்த்திசையில் திரும்பி விமானத் தளத்துக்குள்ளேயே விழுந்தது. வெடிமுனை வெடிக்கவில்லை, எரிபொருள் எரிந்தது. ஊர் மக்கள் இரவெல்லாம் தீயைப் பார்த்துப் போர் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். விடியும்வரை விளக்கம் இல்லை. அது கொஞ்சம் வேறு கோணத்தில் திரும்பி வடக்கே போயிருந்தால்?

மணற்கடிகை

இதைப் படித்ததும் 2022 மார்ச் 9 நினைவுக்கு வந்தது. இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு வரை போய் விழுந்தது. வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா ஒப்புக்கொண்டது இரண்டு நாள் கழித்து. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த இரண்டு நாளும் பாகிஸ்தான் பதிலடி கொடுக்காமல் இருந்தது.

நமக்கும் வட கொரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் சோதித்த கௌரி ஏவுகணை, வட கொரியாவின் நோதாங் ஏவுகணைதான். பெயர்தான் வேறு.

கடற்காகம்

ஆனால் அங்கே ஓர் ஏற்பாடாவது இருக்கிறதே. 2005 ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் (எறிந்த கல்லைப் போல மேலே போய் விழும்) ஏவுகணைச் சோதனைக்கு முன்னால் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகின்றன, குறைந்தது மூன்று நாளுக்கு முன். கொரியாவில் அப்படி எதுவும் இல்லையா?

பழந்தாள்

அந்த ஒப்பந்தத்தில் விமானம் போலத் தாழ்வாகப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணை சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள். மியான் சன்னுவில் விழுந்தது அந்த வகை.

ஹான்கரைக்கு ஒன்று. நான் முதலில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அபாயத்தை ஊதிப் பெருக்குகிறார்கள் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் தவறான இடத்தில் ஊதுகிறார்கள் போலிருக்கிறது. வாஷிங்டனைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள், காங்னங்கை யாரும் காட்டவில்லை. நான் தினமும் நான்கு நாளிதழ் படிப்பவன், அந்தச் செய்தி என் கண்ணிலேயே படவில்லை.

ஹான்கரை

கடற்காகத்துக்குப் பதில். இருந்தது. 2018 செப்டம்பர் 19-இல் எல்லையோரப் பயிற்சிகளை நிறுத்த ராணுவ ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். 2023 நவம்பரில் வட கொரியா உளவுச் செயற்கைக்கோளை ஏவியதும் தெற்கு அதில் ஒரு பகுதியை நிறுத்தியது, வடக்கு முழுவதையும் தூக்கி எறிந்தது. 2024 ஜூனில் தெற்கும் முழுவதுமாக நிறுத்திவிட்டது.

தொலைபேசி இணைப்பும் இருந்தது. காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இரு பக்கத்து அதிகாரிகளும் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டுமே. 2023 ஏப்ரல் 7 முதல் வடக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் ஐ.நா. படைத் தலைமையகத்திடம் இருக்கும் இளஞ்சிவப்பு நிறத் தொலைபேசி.

2025 ஜூலையில் ஒன்று நடந்தது. வழிதவறித் தெற்கே வந்துவிட்ட ஆறு வட கொரியர்களைக் கடல்வழியாகத் திருப்பி அனுப்ப முடிவு செய்தார்கள். எந்த நாள், எந்த இடம் என்று ஐ.நா. தலைமையகம் வழியாக இரண்டு முறை தெரிவித்தார்கள். வடக்கிலிருந்து ஒரு வார்த்தை பதில் இல்லை. 9-ஆம் தேதி காலை அவர்களைப் படகில் ஏற்றி எல்லைக்கோட்டைத் தாண்ட விட்டார்கள். அந்தப் பக்கம் வட கொரியக் கப்பல் வந்து காத்துக்கொண்டிருந்தது.